கிரவுஸ் வேட்டைக்கு ஒரே ஒரு துவக்கு: எதை எடுக்கலாம்?

பனிக்காடு:

வணக்கம் அண்ணாமார், அக்காமார்.

பி.ஏ.எல். (கனடாத் துவக்கு லைசென்ஸ்) கையில வந்திட்டுது. வேட்டைப் படிப்பு, அவுட்டோர்ஸ் கார்ட், சிறுவிலங்கு லைசென்ஸ் எல்லாம் சரி. இந்தச் சரத்காலம் வடக்கு ஒன்ராறியோவில பழைய மரம் வெட்டுற றோட்டுகள் வழிய நடந்து கிரவுஸ் (காட்டுக்கோழி மாதிரி ஒரு பறவை) தேடுறதுதான் திட்டம். நாய் இல்லை. வழியில பனிமுயல் கிடைச்சால் அதையும் எடுக்கலாம். மான், மூஸ் இப்போதைக்கு இல்லை.

வாங்கப்போறது ஒரே ஒரு துவக்கு. மனசில இருக்கிறது நாலு: .22 போல்ட் றைபிள் (ஒரு வெடிக்கு ஒரு ரவை), மற்றதெல்லாம் சன்னத் துவக்கு: .410 ஒற்றைக்குழல், 20 கேஜ் இரட்டைக்குழல் (புதுசு கட்டாது, பாவிச்சதுதான்), பாவிச்ச 12 கேஜ் பம்ப் (முன்கட்டையை இழுத்துத் தோட்டா ஏத்துறது). கேஜ் இலக்கம் கூடக்கூடக் குழல் சிறிசு.

எது நல்லம்? சோக் (குழல் நுனியின்ட இறுக்கம்) என்ன, சன்னம் (தோட்டாவுக்குள்ள இருக்கிற சின்னக் குண்டுகள்) என்ன நம்பர், குழல் நீளம் எவ்வளவு? பாவிச்ச துவக்கு வாங்கேக்க எதைப் பார்க்கவேணும்?

---

தேவதாரு:

தம்பி, துவக்கைத் தெரியிறதுக்கு முதல் பறவையை எப்பிடிச் சந்திக்கப்போறீங்கள் எண்டு யோசியுங்கோ. வடக்கில உங்களுக்கு முன்னால வரப்போறது ரெண்டு வகை. பொப்பிளர், ஆல்டர் இளங்காட்டில இருக்கிறது ரவ்ட் கிரவுஸ். சரளைக்கல் பொறுக்க றோட்டுக்கு வரும், ஆளைக் கண்டால் ஓடும், அல்லது படபடவெண்டு எழும்பி ரெண்டு செக்கனில மரத்துக்குப் பின்னால மறைஞ்சிடும். கறுப்பு ஸ்புரூஸ், ஜக் பைன் காட்டில இருக்கிற ஸ்புரூஸ் கிரவுஸ் அப்பிடியில்லை. கொப்பில குந்திக்கொண்டு உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.

நாய் இல்லாமல் றோட்டில நடக்கிறவருக்கு இருந்த பறவையும் வரும், பறக்கிற பறவையும் வரும். ரெண்டுக்கும் ஒரே துவக்கு எண்டால் 20 கேஜ்தான். .22 ஆல பறக்கிறதை அடிக்க ஏலாது, அடிக்கவும் கூடாது. ஆனால் 20 கேஜால இருக்கிறதையும் இறைச்சி கெடாமல் எடுக்கலாம், அதுக்கு முறை இருக்குது, கீழே சொல்லுறன்.

தோட்டா: 2¾ அங்குலம், ⅞ அவுன்ஸ், 7½ நம்பர் ஈயச்சன்னம். ஒரு தோட்டாவில ஏறக்குறைய 300 சன்னம் இருக்கும். கிரவுஸ் ஒண்டும் வாத்து மாதிரித் தடிச்ச இறகுக்காரன் இல்லை, அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல வாற பறவை. சன்னத்தின்ட கனத்தை விட எண்ணிக்கைதான் வேலை செய்யும். இலை கொட்டினபிறகு, பறவை தூரத்தில எழும்பத் தொடங்கினால் 6 நம்பருக்கு (நம்பர் குறைஞ்சால் சன்னம் பெரிசு) மாறலாம். ⅞ அவுன்ஸில அது 200க்குக் கிட்ட. 3 அங்குல மக்னம் தோட்டா தேவையே இல்லை. பாரம் குறைஞ்ச துவக்கில தோளை இடிக்கும், ரெண்டாவது வெடி பிந்தும், அவ்வளவுதான் லாபம்.

சோக்: இம்ப்ரூவ்ட் சிலிண்டர், அதாவது கொஞ்சம் மட்டும் இறுகினது. ரெண்டு குழல் எண்டால் முதலாவது அது, ரெண்டாவது அதைவிட இறுகின மொடிபைட். காரணம் தூரம். காட்டுக்குள்ள கிரவுஸுக்கு விழுற வெடியில பெரும்பாலானது 25 யாருக்கு (ஒரு யார் மூண்டு அடி) உள்ள. 20 யாரில இம்ப்ரூவ்ட் சிலிண்டர் சுமார் 26 அங்குலம் விரியும், மொடிபைட் 20, ஆக இறுகின புல் சோக் 16. காட்டுக்குள்ள திடீரெண்டு எழும்புற பறவைக்கு 16 அங்குல வட்டத்தைப் பிடிக்க நினைச்சால் பத்துக்கு எட்டு தவறும். பிடிபட்ட ரெண்டும் கறிக்கு உதவாது.

இருக்கிற பறவைக்கு: 10 யாரில நிண்டு உடம்புக்கு அடிக்காதேங்கோ, நெஞ்சிறைச்சி முழுக்கச் சன்னமும் இறகும்தான் இருக்கும். மெல்லப் பின்னால நகர்ந்து 20 யார் ஆக்குங்கோ. குறியை உடம்பில வைக்காமல் தலைக்கு மேல ஒரு சாண் உயர்த்தி வையுங்கோ. வட்டத்தின்ட கீழ்ப்பக்கம்தான் தலையையும் கழுத்தையும் தொடும், நெஞ்சு தப்பும்.

குழல் 26 அங்குலம், மொத்தப் பாரம் 6 முதல் 6½ றாத்தல். அஞ்சரைக்குக் கீழ போனால் தூக்கிக்கொண்டு நடக்க சுகம்தான். ஆனால் பறவைக்குப் பின்னால குழலை ஓட்டேக்க கை சட்டெண்டு நிண்டிடும், வெடி பின்னுக்குப் போகும்.

.410 பற்றி ஒரு வார்த்தை. "சின்னத் துவக்கு, புதுசாப் பழகிறவருக்கு நல்லம்" எண்டு கடையில சொல்லுவினம். நேர்மாறு. 2½ அங்குலத் தோட்டாவில அரை அவுன்ஸ், 7½ சன்னம் 175தான். 3 அங்குலத்தில 11/16 அவுன்ஸ், 240. பறக்கிற பறவைக்கு அது கைதேர்ந்தவையின்ட துவக்கு.

---

குறிகாரன்:

தேவதாரு சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன். நாயில்லாமல் மரம் வெட்டும் பாதையில் நடப்பவர் காணும் பறவைகளில் கணிசமானவை தரையிலோ கொப்பிலோ இருப்பவைதான், அதிலும் ஸ்புரூஸ் கிரவுஸ் அநேகமாக இருந்த இடத்திலேயே இருக்கும். அந்தக் கணக்கில் .22 லோங் றைபிள் ரவையை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. பனிமுயலுக்கும் அதுவே போதும். ஒரு பெட்டி ரவை சட்டைப் பைக்குள் அடங்கும், ஒரு பெட்டி 20 கேஜ் தோட்டா முதுகுப் பைக்குத்தான் போகும்.

ஆனால் .22 எடுத்தால் சில விஷயங்களைத் தவறாமல் செய்யவேண்டும்.

தலை மட்டுமே குறி. உடம்பில் பட்டால், குறிப்பாகக் குழிமுனை ரவை பட்டால், நெஞ்சின் ஒரு பக்கம் போய்விடும். 40 கிரெய்ன் பாரமுள்ள, செக்கனுக்கு 1,050 அடி அளவில் போகும் சத்தம் குறைந்த ரவையே இதற்குப் பொருத்தம். ஒலியின் வேகத்தைத் தாண்டாததால் வெடிச்சத்தம் அடங்கியிருக்கும், பக்கத்தில் இருக்கும் அடுத்த பறவை எழும்பாமல் இருக்க வாய்ப்புண்டு. போல்ட் றைபிளில் எந்த .22 லோங் றைபிள் ரவையும் வேலை செய்யும். செமி ஓட்டோவில் (ஒவ்வொரு வெடிக்கும் அடுத்த ரவையைத் தானாக ஏற்றும் துவக்கு) இந்த மெதுவான ரவை சிலவேளை பொறியை முழுதாகப் பின்தள்ளாது, வெற்றுக்கோது வாயிலில் சிக்கும். ஆகவே வாங்கும் ரவையை அந்தத் துவக்கிலேயே ஒரு பெட்டி சுட்டுப் பார்த்துவிட்டுக் காட்டுக்குக் கொண்டுபோங்கள்.

அடுத்தது பலரும் கவனிக்காதது. ஸ்கோப் குழலின் நடுவிலிருந்து ஒன்றரை அங்குலம் உயரத்தில் இருக்கிறது. 25 யாருக்குக் குறி சரிசெய்த றைபிள், 10 யாரில் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகக் கீழே அடிக்கும், 5 யாரில் ஏறக்குறைய ஒரு அங்குலம் கீழே அடிக்கும். கிரவுஸின் தலையே ஒரு அங்குலம் அளவுதான். குறி தலையின் நடுவில் இருக்கும், ரவை கழுத்தோரம் போகும், "ஸ்கோப் பிழை" என்று திருகைத் திருப்பத் தொடங்குவார்கள். ஸ்கோப்பில் பிழையில்லை. 5, 10, 15, 20, 25 யாரில் ஐந்து தாள் வைத்து ஒவ்வொன்றிலும் மூன்று வெடி வைத்துப் பாருங்கள், எங்கே எவ்வளவு உயர்த்திப் பிடிப்பது என்று கைக்குத் தெரிந்துவிடும். சாதாரண இரும்புக் குறியில் உயரம் ஏறக்குறைய பாதிதான், இந்தத் தொல்லையும் பாதியாகும்.

ஸ்கோப் வாங்கினால் .22 போன்ற றிம்பயர் துவக்குக்கென்று செய்ததை வாங்குங்கள். பெரிய றைபிளுக்கான ஸ்கோப் பெரும்பாலும் 100 யாருக்கோ அதற்கு மேலோ சரிசெய்யப்பட்டிருக்கும். 15 யாரில் கண் சற்று அசைந்தாலும் குறி அசையும்.

பாதுகாப்பு: .22 ரவை ஒன்றரை மைல் வரை போகக்கூடியது. கொப்பில் இருக்கும் பறவைக்கு வானத்தைப் பின்னணியாக வைத்து .22 ஆல் சுடவே கூடாது. பின்னால் தடித்த மரமோ மண்மேடோ இருக்கவேண்டும். இல்லையென்றால் நகர்ந்து கோணத்தை மாற்றுங்கள், அதுவும் முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். .22 இன் உண்மையான குறை இதுதான். காட்டில் பாதிப் பறவை மரத்தில்தான் இருக்கிறது.

---

பனிக்காடு:

நன்றி அண்ணாமார். அப்ப ரெண்டையும் சேர்த்து ஒரே துவக்கில, மேல .22, கீழ .410 எண்டு வாறது எப்பிடி? அதைவிட, தெரிஞ்ச ஒருவர் 12 கேஜ் பம்ப் ஒண்டு தாறார். 28 அங்குலக் குழல், மொடிபைட் சோக். அதைப் பாவிக்கலாமோ?

---

இரட்டைக்குழல்:

கொம்பினேஷன் துவக்கு கடதாசியில வடிவு. கையில எடுத்தால்தான் சிக்கல் தெரியும். .22க்கு நுணுக்கமான குறி வேணும், கண் பின்குறியையும் முன்குறியையும் பார்க்கவேணும். பறக்கிற பறவைக்குக் கண் பறவையில இருக்கவேணும், குறியைப் பார்த்தால் தவறும். ஒரு ஸ்டொக் (தோளில வைக்கிற கட்டை), ஒரு குறி, ரெண்டு எதிர் வேலை. அதோட, பழைய சவேஜ் 24 மாதிரியான துவக்கில ஒரே விசைதான், எந்தக் குழல் வெடிக்கவேணும் எண்டதை ஹாமரில இருக்கிற தெரிகட்டையால மாத்தவேணும். குளிருக்குக் கையுறை போட்டுக்கொண்டு அதைச் செய்து முடிக்கிறதுக்குள்ள கிரவுஸ் அடுத்த மலைக்குப் போயிடும். பழசில கீழ்க்குழல் பல இடங்களில புல் சோக், அதுவும் உதவாது. ரெண்டு விசை வைச்ச மொடல்கள் இருக்குது, அது பரவாயில்லை. இருந்த பறவை மட்டும்தான் அடிப்பன் எண்டு முடிவெடுத்தவருக்கு இது அருமையான சாமான். மற்றவைக்கு இல்லை. 20 கேஜும் .22வும் சேர்ந்த பழசு கிடைச்சால் வேற கதை, ஆனால் பாரம் 7 றாத்தலைத் தொடும்.

12 பம்ப்: தாராளமாய்ப் பாவிக்கலாம். துவக்கு 7 முதல் 7½ றாத்தல் இருக்கும், ஒரு நாள் முழுக்க நடந்தால் கை சொல்லும், வேற குறையில்லை. தோட்டாவை இறக்குங்கோ: ஒரு அவுன்ஸ், 7½, வேகம் குறைஞ்ச இலகு வெடி. கழட்டிப் பூட்டுற சோக் எண்டால் இம்ப்ரூவ்ட் சிலிண்டர் ஒண்டு வாங்கிப் போடுங்கோ. போடேக்க மரையைத் துடைச்சு, கிறீஸ் ஒரு துளி பூசி, முழுக்க இறுக்குங்கோ. பாதி இறுகின சோக்கோட சுட்டால் குழல் நுனி வெடிக்கும். பொருத்தின சோக் எண்டால் மொடிபைட்டையே வைச்சுக்கொண்டு, பறவையைக் கொஞ்சம் தூரம் போகவிட்டு அடியுங்கோ.

ஒரு விஷயம் கட்டாயம். வீட்டில 12ம் 20ம் ரெண்டும் இருந்தால் தோட்டாவை ஒருநாளும் கலக்காதேங்கோ. 20 கேஜ் தோட்டாவை 12 கேஜ் அறைக்குள்ள (குழலில தோட்டா இருக்கிற இடம்) போட்டால் வழுக்கிக் குழலுக்குள்ள இறங்கி நிண்டிடும். விசையை அமத்தினால் வெடிக்காது, "போட மறந்திட்டன்" எண்டு 12 தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் கையிலேயே பிளக்கும். 20 கேஜ் தோட்டாவை மஞ்சளாய்ச் செய்யிறதே இதுக்குத்தான். 28 கேஜ் தோட்டாவும் 20 கேஜ் துவக்கும் சேர்ந்தால் இதே கதைதான். பழைய சட்டைப் பைகளை ஒருக்காத் தடவிப்பாருங்கோ.

இனிப் பாவிச்ச இரட்டைக்குழல்.

முன்கட்டையைக் கழட்டுங்கோ. துவக்கைப் பூட்டி, குழலை ஒரு கையாலும் ஸ்டொக்கை மற்றக் கையாலும் பிடிச்சு மேலகீழ, இடவலமா ஆட்டுங்கோ. முன்கட்டை பூட்டியிருந்தால் அது ஆட்டத்தை மறைச்சிடும், அதுதான் கழட்டச் சொல்லுறது. அசைவோ "டிக்" சத்தமோ வந்தால் கீல் தேய்ஞ்சு போச்சு. திருத்தலாம், ஆனால் அந்தக் காசுக்கு வேற துவக்கு வாங்கலாம்.

குழலைத் தனியாக் கழட்டி, கொழுக்கியில விரலைக் கொடுத்துத் தூக்கிப் பிடிச்சு, விரல் மொழியால மெல்லத் தட்டுங்கோ. மணியோசை நீளமாய் வந்தால் ரெண்டு குழலையும் ஒட்டின பட்டி சரி. சிலம்பினால், கறகறத்தால் பற்று விட்டிருக்குது. வெளிச்சத்தை நோக்கிக் குழலுக்குள்ள பாருங்கோ, வளையம் வளையமாய் நிழல் தெரியிற இடத்தில பள்ளமோ வீக்கமோ இருக்கும். வீங்கின குழலை எடுக்கவே வேண்டாம்.

அறையின்ட நீளம்: பழைய ஐரோப்பியத் துவக்குகளில 65 மில்லிமீற்றர் அறை கனக்க. இப்ப விக்கிற 2¾ அங்குலம் 70 மில்லிமீற்றர். பொல்லாத விஷயம் என்னெண்டால் நீளத் தோட்டா அந்த அறைக்குள்ள லேசாய்ப் போயிடும், வெடிச்சு வாய் விரியேக்கதான் இடம் போதாமல் அழுத்தம் ஏறும். குழலின்ட அடியில முத்திரை பாருங்கோ, இல்லையெண்டால் துவக்குத் திருத்துறவரிட்ட அளக்கக் குடுங்கோ. சுருள் வரி தெரியிற டமாஸ்கஸ் குழல் எண்டால் சுவரில மாட்டலாம்.

வெற்று அறையில சுடக்கூடாது, பொய்த்தோட்டா போட்டு ரெண்டு விசையையும் சேப்டியையும் பாருங்கோ. சேப்டி போட்டு விசையை அமத்தி விட்டிட்டு, பிறகு சேப்டியைத் தள்ளுங்கோ. அந்த நேரம் "டக்" எண்டு விழுந்தால் துவக்கை அந்த மேசையிலேயே வைச்சிட்டு வாங்கோ.

இதெல்லாத்தையும் விட உடம்புக்குப் பொருத்தம் முக்கியம். காட்டுக்குப் போடுற அதே தடிச்ச ஜக்கெற்றோட போய், வெறுந்துவக்கு எண்டதைத் திறந்து பார்த்து உறுதிப்படுத்தி, ஒரு பத்திரமான பக்கம் பார்த்துக் கண்ணை மூடித் தோளுக்குக் கொண்டுவந்து, பிறகு திறவுங்கோ. குழல் நுனியில இருக்கிற மணி மட்டும், இல்லையெண்டால் மேல்பட்டி ஒரு கீற்றாய்த் தெரியவேணும். பட்டி நீளமாய்த் தெரிஞ்சால் வெடி மேல போகும். ஸ்டொக்கின்ட பின்பக்கம்தான் தெரியுது எண்டால் கீழ போகும். அடிக்கட்டை அக்குளில சிக்கினால் நீளம் கூட, அரை அங்குலம் வெட்டலாம். குளிர் உடுப்போட தோளுக்கு வராத துவக்கு எவ்வளவு விலையெண்டாலும் கிரவுஸுக்குச் சரிவராது.

---

சட்டப்பை:

துவக்கைத் தெரிவுசெய்யும்போது இந்தச் சட்டங்களையும் கணக்கில் எடுங்கள்.

தனியாளிடம் வாங்கினாலும் கடையில் வாங்கினாலும், 2022 மே 18 முதல் சாதாரண நீளத்துவக்குக்கும் கனடாத் துவக்குப் பதிவாளரிடம் இருந்து சரிபார்ப்பு இலக்கம் எடுத்தபிறகே கைமாறலாம். "தெரிந்த ஒருவர் தாறார்" என்ற அந்தப் பம்புக்கும் இதுதான். பாவித்த செமி ஓட்டோ என்றால், 2020 மேயிலிருந்து தடைப்பட்டியல் பலமுறை நீண்டிருப்பதால், மொடல் பெயரைப் பார்த்து உறுதிசெய்யாமல் காசு கொடுக்காதீர்கள். பம்ப், போல்ட், நடுவில் மடித்துத் திறக்கிற துவக்கு என்றால் இந்தத் தலையிடி குறைவு.

ஒன்ராறியோவில் பெரிய விலங்கு சீசன் திறந்திருக்கும் பகுதியில், அதற்கான லைசென்ஸ் இல்லாமல் சிறுவிலங்கு தேடுபவர் .22 லோங் றைபிளை விடப் பலம் கூடிய றைபிளோ, ஒற்றைக்குண்டுத் தோட்டாவோ, 2 நம்பரை விடப் பெரிய சன்னமோ வைத்திருக்கக்கூடாது. "கரடி வந்தால்" என்று சட்டைப் பையில் ஒரு ஸ்லக் (ஒற்றைக்குண்டுத் தோட்டா) போடுகிற பழக்கம் இங்கே குற்றம். மான், மூஸ், எல்க் துவக்குச் சீசன் நடக்கும் இடத்தில் நீங்கள் கிரவுஸ்தான் தேடினாலும் 400 சதுர அங்குலச் செம்மஞ்சள் மேலாடையும் செம்மஞ்சள் தொப்பியும் கட்டாயம்.

றோட்டு: பிரெஞ்சு, மட்டாவா ஆறுகளுக்குத் தெற்கே பொது வீதியின் எல்லைக்குள் தோட்டா போட்ட துவக்கே வைத்திருக்க முடியாது. வடக்கே போனாலும் பாவனையில் இருக்கும் பாதைக்குக் குறுக்கே சுடமுடியாது, வாகனத்துக்குள் தோட்டா போட்ட துவக்கு எங்கேயும் கூடாது. பூட்டிய மகசினில் ரவை இருந்தாலே, அறை வெறுமையாக இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது தோட்டா போட்ட துவக்குத்தான். வாகனத்தில் இருந்து ஏறி இறங்கும் வேட்டைக்கு மடிக்கிற துவக்கு வசதி என்பதன் காரணம் இதுவும்தான்: திறந்தால் ஒரு செக்கனில் வெறுமை.

அதே காட்டில் வூட்கொக்கும் இருக்கும். அது வலசைப்பறவை, தனி அனுமதி வேண்டும், துவக்கு மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளக்கூடாது. பம்ப் எடுத்தால் மகசின் குழாய்க்குள் அடைகட்டை இருக்கிறதா என்று மூடியைக் கழற்றிப் பாருங்கள். நாள் அளவும் சீசன் திகதியும் பகுதிக்குப் பகுதி வேறு, மாகாணம் வெளியிடும் அந்த வருடத்து வேட்டை விதிச் சுருக்கத்தைப் பாருங்கள்.

---

தேவதாரு:

ரெண்டு சேர்க்கை.

ஈயம் வேண்டாம் எண்டால் இரும்புச் சன்னம் போடலாம், ஆனால் ரெண்டு நம்பர் பெரிசாய்: ஈயம் 7½க்குப் பதிலாய் இரும்பு 6. புதுத் துவக்கில மட்டும். பழைய மெல்லிய குழலில, அதுவும் இறுகின சோக்கில, இரும்பு போடக்கூடாது.

எதை வாங்கினாலும் காட்டுக்கு முதல் தாளில சுடுங்கோ. மூண்டரை அடிச் சதுரத் தாள், நடுவில ஒரு புள்ளி, 20 யார். ஊன்றி நிண்டு குறிபார்க்காமல், பறவைக்குத் தூக்கிற மாதிரித் தோளுக்குக் கொண்டுவந்து உடன வெடி. ஒவ்வொரு வெடிக்கும் புதுத்தாள், அஞ்சு தாள். பிறகு சன்னம் அதிகம் அடர்ந்த இடத்தை நடுவாய் வைச்சு 30 அங்குல வட்டம் கீறுங்கோ. அஞ்சிலும் வட்டத்தின்ட நடு புள்ளிக்கு இடப்பக்கமாவே விழுந்தால் ஸ்டொக் பிழை, அல்லது மற்றக் கண் முன்னுக்கு நிக்குது. மூக்குக்கண்ணாடியில அந்த மற்றக் கண்ணுக்கு முன்னால சின்ன ஸ்டிக்கர் ஒட்டித் திரும்பச் சுட்டால் எது எண்டு தெரியும். அஞ்சும் அஞ்சு பக்கம் போனால் துவக்கில பிழையில்லை, தோளுக்குக் கொண்டுவாற பழக்கம் காணாது. வட்டத்துக்குள்ள ஒரு கிரவுஸ் அளவு வெறுமை, அதாவது உள்ளங்கை விரிச்சு வைக்கக்கூடிய இடைவெளி, திரும்பத் திரும்ப வந்தால் தோட்டாவின்ட கொம்பனியை மாத்திப் பாருங்கோ. சோக்கைத் தொடுறது அதுக்குப் பிறகு.

தம்பி, அந்த 12 பம்ப் உங்களுக்குத் தோளுக்கு வந்தால் இந்த வருசம் அதையே எடுங்கோ, ஒரு அவுன்ஸ் 7½ போடுங்கோ. நல்ல 20 இரட்டைக்குழலை அவசரப்படாமல் தேடலாம். .410ஐ விடுங்கோ.

---

குறிகாரன்:

குளிருக்கு ஒன்று. எண்ணெயை அள்ளிப் பூசாதீர்கள். உறைநிலைக்குக் கீழே எண்ணெய் தடித்து, .22 போல்ட்டின் அடியூசி மெதுவாக அடிக்கும், ரவை வெடிக்காமல் போகும். பொறியைத் துடைத்துக் காயவிட்டு, தேவையான இடத்தில் மட்டும் மெல்லியதாகப் பூசுங்கள். வெளியில் இருந்து கொண்டுவந்த துவக்கைச் சூடான அறையில் உடனே உறையில் இருந்து எடுத்தால் குழலின் உள்ளும் வெளியும் வியர்க்கும். வெறுமையாக்கி, உறையோடு இரண்டு மூன்று மணி நேரம் விட்டுவிட்டு, பிறகு திறந்து துடைத்துப் பூட்டி வையுங்கள். ரவைகளுக்குத் தனிப் பூட்டு.